இறால்கோது கைட்டோசான் ஆகாமல் அடம்பிடித்தால்

இலங்கையில், மட்டக்களப்புப் பக்கம் வாழைச்சேனையில் இறால் உரிக்கும் இடங்களிலிருந்து கோது வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் கைட்டோசான் செய்கிறேன். கோதில் இருக்கும் கைட்டின் என்ற பொருளைக் கடும் காரத்தில் காய்ச்சி எடுக்கும் தூள்தான் கைட்டோசான்; வினாகிரியில் கரைத்துச் செடிக்குத் தெளிக்கலாம், கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கலாம். நான் செய்வதைப் பார்த்துத் தாங்களும் தொடங்கியவர்களிடமிருந்து வருகிற அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எல்லாம் நீங்க சொன்னபடிதான் செஞ்சன். மறுகா ஏன் கரையுதில்ல?"

கரையாதது கடைசி நாளில்தான் தெரியவரும். ஆனால் பிழை அநேகமாக முதல் நாள் அசிட் வாளியிலேயே நடந்திருக்கும். இடையில் விலை கூடிய கோஸ்டிக் சோடாவும் இரண்டு நாள் விறகும் வீணாகியிருக்கும். அதனால் செய்முறையை முதலிலிருந்து சொல்லாமல், கண்ணுக்குத் தெரிகிற குற்றத்திலிருந்து பின்னோக்கிப் போகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில்.

கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை வைத்துத்தான். நன்றாக உலர்ந்து, கரடுமுரடாக இடித்த இறால்கோது 1 கிலோ. சுண்ணாம்பு போக 1 மோலர் பலமுள்ள (கலக்கும் கணக்கு கீழே) ஐதரோகுளோரிக் அமிலம் 10 லீட்டரில் 2 முதல் 3 மணி நேரம். கழுவியபின், புரதம் போக 4 வீதக் கோஸ்டிக் கரைசல் 10 லீட்டரில் 70 முதல் 80 பாகைச் சூட்டில் 2 மணி நேரம். கழுவி உலர்த்தினால் கைட்டின். அதை நிறைக்கு நிறை 50 வீதக் கோஸ்டிக்கில் 95 முதல் 100 பாகையில் 3, 4 மணி நேரம் வைத்துக் கழுவினால் கைட்டோசான்.

தடித்த றப்பர் கையுறையும் கண்ணை மூடும் கண்ணாடியும் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். எப்போதும் தண்ணீருக்குள்தான் அசிட், தண்ணீருக்குள்தான் கோஸ்டிக். மாற்றி ஊற்றினால் முகத்துக்குத் தெறிக்கும். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் கோது இடிக்கும் வேலைக்கே வரக்கூடாது.

## அசிட் வாளியில் தெரியும் குற்றங்கள்

### நுரை பொங்கி வாளிக்கு வெளியே வருகிறது

இது பிழையே இல்லை. கோதின் சுண்ணாம்பு கரைந்து காபனீரொட்சைட்டு வாயுவாக வெளியேறுகிறது. வாளி சின்னதாக இருக்கும், இல்லாவிட்டால் ஒரே மூச்சில் ஊற்றியிருப்பீர்கள். கரைசலின் அளவைப்போல் மூன்று மடங்கு பிடிக்கும் பிளாஸ்டிக் வாளி எடுத்து, கோதைப் பிடிபிடியாகப் போடுங்கள். தகர வாளி, எவர்சில்வர் வாளி வேண்டாம். அசிட் இரண்டையும் தின்னும், தின்ற இரும்பு உங்கள் கைட்டோசானில்தான் வந்து ஏறும்.

### நுரை வரவே இல்லை

கோது காற்றோடு மிதக்கிறதா என்று பாருங்கள். மிதந்தால் ஒரு தடியால் அமுக்கிக் கலக்குங்கள், நுரைக்கத் தொடங்கும். அதற்கும் அசையாவிட்டால் ஒரு துண்டு முட்டைக்கோதை அந்த அசிட்டில் போடுங்கள். அதிலும் குமிழி எழவில்லை என்றால் வாளியில் இருப்பது பேருக்குத்தான் அசிட். தரை கழுவ என்று போத்தலில் விற்பது ஒரு கடையில் ஒரு பலம், அடுத்த கடையில் இன்னொரு பலம். ஒருமுறை நான் 10 போத்தல் வாங்கி ஏமாந்து, பிறகுதான் போத்தலில் வீதம் அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்கப் பழகினேன். 32 முதல் 35 வீதம் என்று போட்டிருந்தால், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் கிட்டத்தட்ட 1 மோலர்.

### ஊறிய பின்னும் கோது மொறுமொறு என்று உடைகிறது

இதைத்தான் எல்லோரும் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். சரியாக ஊறிய கோது நனைந்த பொலித்தீன் மாதிரி மடிய வேண்டும். விரலில் சுற்றினால் சுற்றுப்பட வேண்டும். 'டக்' என்று உடைந்தால் சுண்ணாம்பு உள்ளே இருக்கிறது.

முதலில் துண்டின் அளவைப் பாருங்கள். நண்டின் பெரிய கால் முழுசாகக் கிடந்தால் நாளைக்கும் அப்படியேதான் கிடக்கும். உளுந்தம்பருப்பு அளவுக்கு இடியுங்கள். மாவாக அரைக்கவும் வேண்டாம், கழுவும்போது பாதி துணியோடு போய்விடும்.

அடுத்தது அசிட் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பாசிச்சாயத் தாள் இந்த இடத்தில் ஏமாற்றும். அசிட் செத்த பிறகும் தாள் சிவப்பாகவே காட்டும். மறுபடி முட்டைக்கோதுதான் நம்பிக்கையான ஆள். வாளித் தண்ணீரில் அது நுரைக்காவிட்டால் அசிட் தீர்ந்துவிட்டது, புதிது மாற்ற வேண்டும்.

ஏன் தீர்ந்தது என்பதற்குச் சின்னக் கணக்கு. 100 கிராம் சுண்ணாம்பைக் கரைக்க 1 மோலர் அமிலம் 2 லீட்டர் வேண்டும். இறால்கோதில் 10-க்கு 3 பங்கு சுண்ணாம்பு என்று வைத்தால் கிலோவுக்கு 6 லீட்டர். 10 லீட்டர் தாராளம். நண்டுக்கோதில் பாதி சுண்ணாம்பாகவே இருக்கும். அப்போது அதே 10 லீட்டர் மட்டுமட்டு. களப்பு நண்டின் தடித்த ஓட்டுக்கு நான் 8 லீட்டர் படி இரண்டு தடவை மாற்றுகிறேன். இறாலையும் நண்டையும் ஒரே வாளியில் கலந்தால் இறால் கெட்டுப்போகும், நண்டு வேகாது.

அசிட் தீரவில்லை, துண்டும் சின்னது, ஆனாலும் நரநரப்பு என்றால், என்ன அசிட் ஊற்றினீர்கள் என்று யோசியுங்கள். பற்றரி அசிட் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் அதை ஊற்றுகிறார்கள். அது சல்பூரிக் அமிலம். சுண்ணாம்பை ஜிப்சமாக மாற்றி கோதுக்குள்ளேயே பூட்டிவிடும். பிறகு நல்ல அசிட் ஊற்றினாலும் நுரை வராது, அதனால் சுண்ணாம்பு போய்விட்டது என்று நினைப்பீர்கள். ஒரு லீட்டர் தண்ணீரில் ஜிப்சம் இரண்டு கிராம் சொச்சம்தான் கரையும். ஒரு கிலோ இறால்கோதில் அரைக் கிலோ ஜிப்சம் உண்டாகியிருக்கும். கழுவி எடுக்க 250 லீட்டர் தண்ணீர் இறைக்க வேண்டும். மெனக்கெட வேண்டாம். அந்தக் கோதை விட்டுவிட்டுப் புதுக் கோதில் தொடங்குங்கள்.

## கோஸ்டிக் பானையில் தெரியும் குற்றங்கள்

### பானையே நுரைக்கிறது

அடுப்பை உடனே அணையுங்கள். அலுமினியப் பானை வைத்திருக்கிறீர்கள். நம் வீட்டுச் சோற்றுப் பானைகளில் பாதி அலுமினியம்தானே, கை அதைத்தான் எடுக்கும். கோஸ்டிக் அலுமினியத்தைத் தின்று ஐதரசன் வாயுவை விடும். பக்கத்தில் விறகு எரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பானை ஆறும்வரை தள்ளி நில்லுங்கள். உள்ளே இருக்கும் சாமான் சாம்பல் நிறமாகிவிட்டிருக்கும், அதைக் காப்பாற்ற முயல வேண்டாம். கோஸ்டிக்குக்கு எவர்சில்வர் பானை, அசிட்டுக்குப் பிளாஸ்டிக் வாளி. இரண்டையும் மாற்றக்கூடாது. நாகம் பூசிய வாளி இரண்டுக்கும் உதவாது.

### கைட்டின் உலர்ந்த பின்னும் கருவாட்டு வாசம்

புரதம் போகவில்லை. முதல் தடவை காய்ச்சிய கோஸ்டிக் தண்ணீர் கடும் தேயிலைச் சாயம் மாதிரி இருக்கும். அதை ஊற்றிவிட்டுப் புதிதாக 4 வீதக் கரைசலில் இன்னொரு மணி நேரம் வையுங்கள். இரண்டாவது தண்ணீர் வெளிறி இருந்தால் போதும். சந்தேகம் என்றால் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, மயில்துத்தக் (செப்புச் சல்பேற்று) கரைசல் இரண்டு துளி விடுங்கள். ஊதா நிறம் வந்தால் இன்னும் புரதம் இறங்குகிறது. பள்ளியில் படித்த பையூரெட் சோதனைதான், ஒருநாள் இதற்கு உதவும் என்று அப்போது தெரியவில்லை.

வாசம் கருவாடு மாதிரி இல்லாமல் மூக்கைக் குத்தும் அமோனியா மாதிரி என்றால், கோது உங்களிடம் வரும் முன்பே அழுகிவிட்டது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் கோதைப் பாயில் பரப்பினால் ஒரே நாளில் சலசலக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் மூன்று நாள் கிடந்தாலும் வழுவழுப்புத்தான். மாரிக்கு நான் கோதே வாங்குவதில்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அன்றைக்கே உப்பில்லாமல் அவித்து, பிழிந்து, ஐஸ்பெட்டியில் போட்டுவிடுங்கள்.

## நிறம் சரியில்லை

இளஞ்சிவப்பு அல்லது செம்மஞ்சள் என்றால் அது இறாலின் சொந்தச் சாயம், அஸ்டாக்சாந்தின். செடிக்குத் தெளிக்கவோ கலங்கல் தண்ணீர் தெளிய வைக்கவோ என்றால் அதைப்பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. வெள்ளையாக வேண்டும் என்றால் ஈரக் கைட்டினை இரண்டு நாள் நேர் வெயிலில் காயவிடுங்கள், பாதி போய்விடும். மிச்சத்துக்கு மருந்துக்கடை ஐதரசன் பேரொட்சைட்டை நீர்க்கவைத்து ஊறவிடலாம். வெளுக்கும் வேலை எல்லாம் கைட்டின் கட்டத்திலேயே முடிய வேண்டும். கைட்டோசான் ஆனபின் வெளுத்தால் அதன் நீண்ட மூலக்கூறு இழை அறுந்து கஞ்சித்தண்ணீர் ஆகிவிடும். துணிக்குப் போடும் ப்ளீச்சை அசிட் இருந்த வாளியில் ஊற்றவே வேண்டாம். வருவது குளோரின் வாயு.

துருப்பிடித்த மஞ்சள் என்றால் கிணற்றைச் சந்தேகப்படுங்கள். கடற்கரை மணலில் தோண்டிய கிணறுகளில் சிலது உவர், சிலதில் இரும்பு. கைட்டோசான் இரும்பைக் கண்டால் விடாது, பிடித்துக்கொள்ளும். முன் கழுவல்களைக் கிணற்றுத் தண்ணீரில் செய்யலாம். கடைசி இரண்டு கழுவலுக்கு மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். இல்லாவிட்டால் பற்றரிக்கு விடும் தண்ணீர்.

மண்ணிறம் என்றால் இரண்டில் ஒன்று: புரதம் முழுதாகப் போகாமலே கடும் கோஸ்டிக்கில் போட்டீர்கள், அல்லது பானை அடிப்பிடித்தது. முகர்ந்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

## வினாகிரியில் கரையவில்லை

முதலில் சோதனையைச் சரியாகச் செய்தீர்களா என்று பாருங்கள். கடையில் விற்கும் 4 வீத வினாகிரி 25 மில்லிலீட்டர், நல்ல தண்ணீர் 75 மில்லிலீட்டர். அது 1 வீதம். அதில் 1 கிராம் தூள். நன்றாகக் கலக்கி ஒரு இரவு வைத்து, காலையில் வெள்ளைத் துணியில் வடியுங்கள். பத்து நிமிடத்தில் கரையவில்லை என்று அழைக்கிறவர்களிடம் நான் நாளைக்கு எடுங்கள் என்றுதான் சொல்வது.

காலையிலும் கரையாமல் இருந்தால், எப்படிக் கரையவில்லை என்பதில்தான் விடை இருக்கிறது.

### தூள் விழுந்ததும் சின்னக் குமிழிகள் எழுகின்றன

ஒன்றில் சுண்ணாம்பு மிச்சம், அல்லது கழுவாத கோஸ்டிக் காற்றுப்பட்டுச் சலவைச் சோடாவாகிவிட்டது. ஈரமாக்கிய தூளில் சிவப்புப் பாசிச்சாயத் தாளை வைத்துப் பாருங்கள். நீலமானால் கோஸ்டிக், அது வினாகிரியைத் தின்றுவிடும், பிறகு எங்கே கரைவது? தாள் மாறாதவரை கழுவி உலர்த்தி மறுபடி சோதியுங்கள். எனக்கு வந்த 'கரையாத' தூள்களில் நிறைய இந்த ஒரு கழுவலில் சரியானவை. தாள் நீலமாகாமல் குமிழி மட்டும் வந்தால் சுண்ணாம்பு. அதற்கு அசிட் வாளிக்குத் திரும்ப வேண்டும், வேறு வழியில்லை.

### பெரும்பகுதி கரைந்து, அடியில் மணல்

விரலால் தேயுங்கள். நரநரப்பாக இருந்து, இரண்டு துளி ஐதரோகுளோரிக் அசிட்டில் நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காமல் நரநரத்தால் நிஜ மணலோ ஜிப்சமோ. வெறும் தரையில் கோதைக் காயவைத்தால் மணல் வராமல் என்ன செய்யும். பாவிக்கலாம், துணியில் வடித்துவிட்டு.

### வீங்கி ஜெலி மாதிரி நிற்கிறது, கரையவில்லை

பாதி வழி வந்துவிட்டது. கோஸ்டிக்கில் இன்னும் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். அதே கோஸ்டிக்கில் இன்னும் நான்கு மணி நேரம் காய்ச்சுவதைவிட, எடுத்துக் கழுவி உலர்த்தி, புதிய 50 வீதக் கோஸ்டிக்கில் 2 மணி நேரம் வைப்பதே மேல். இரண்டு சிறு தடவை ஒரு நீண்ட தடவையைவிட நன்றாக வேலை செய்யும், இழையும் குறைவாக அறும்.

### போட்டது போட்டபடியே கிடக்கிறது

உங்களிடம் இருப்பது இன்னும் கைட்டின்தான். கைட்டினைக் கடும் காரத்தில் காய்ச்சினால் அமிலத்தில் கரையும் பொருளாகிறது என்று ரூஜே என்ற பிரெஞ்சுக்காரர் 1859-இல் கண்டார். உங்கள் பானையில் அந்தக் 'கடும்' என்ற சொல் தவறிவிட்டது.

வெப்பமானி வைத்தீர்களா? கொதி வரவில்லையே என்று தீயைக் கூட்டுகிறவர்களும், கொதி வராததால் சூடு போதவில்லை என்று பயந்து முழு நாளும் எரிக்கிறவர்களும் உண்டு. 50 வீதக் கோஸ்டிக் 140 பாகைக்குக் கிட்டத்தான் கொதிக்கும். கொதியை நம்பக்கூடாது. 200, 300 பாகை காட்டும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் கருவி வெடித்துவிடும்.

கோஸ்டிக் பலம் குறைந்ததா? நம் ஊர் ஈரக்காற்றில் மூடி திறந்து வைத்த கோஸ்டிக் இரண்டு நாளில் கட்டிபட்டு வியர்க்கும். வியர்த்தது தண்ணீரை இழுத்தது. மேலே வெள்ளைப் பூப்பிடித்தது காற்றோடு சேர்ந்து சோடாவானது. 50 வீதக் கரைசல் கரைத்து ஆறவைத்தபின் அடியில் வெள்ளை மண்டி தங்கினால் அது அந்தச் சோடாதான், அவ்வளவு கோஸ்டிக் உங்களுக்கு நட்டம். இன்னொரு சோதனை: ஆறிய கரைசல் 100 மில்லிலீட்டரைத் தராசில் நிறுத்தால் 150 கிராமுக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். 143 கிராம் என்றால் அது 40 வீதம்தான்.

பலமும் சூடும் நேரமும் சரி, ஆனாலும் கரையவில்லை என்றால், திரும்பவும் அந்தப் பழைய வாளிக்குத்தான் வந்து நிற்கிறோம். சுண்ணாம்போ புரதமோ கவசம் மாதிரி மூடியிருந்தால் கோஸ்டிக் உள்ளே போகாது. கைட்டினில் ஒரு சிட்டிகையை எவர்சில்வர்க் கரண்டியில் வைத்துச் சாம்பலாகும்வரை எரியுங்கள். நல்ல கைட்டின் கிட்டத்தட்ட ஒன்றும் மிச்சம் வைக்காது. வெள்ளைச் சாம்பல் கரண்டியை மூடினால் அசிட்டுக்குத் திரும்புங்கள்.

இரண்டு தடவை கோஸ்டிக் மாற்றியும் கரையாவிட்டால் மூன்றாவது தடவைக்குக் காசு போடாதீர்கள். கைட்டின் 5 கிராமும் கைட்டோசான் 5 கிராமும் தனித்தனிப் பொட்டலமாக, செய்த அளவுகளை ஒரு தாளில் எழுதி, வேதியியல் ஆய்வுகூடம் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். நமக்குக் கிட்ட வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். கைட்டின் கைட்டோசான் ஆகும்போது கழன்று போகும் பகுதியான அசற்றைல் எவ்வளவு போயிருக்கிறது என்று அவர்களால்தான் அளக்க முடியும், நம் வினாகிரியால் முடியாது.

## கரைகிறது, ஆனால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது

1 வீதக் கரைசல் சவ்வரிசிக் கஞ்சி மாதிரி விரலில் இழுபட வேண்டும். ஓடினால் இழை அறுந்துவிட்டது. இரவு முழுக்க அசிட்டில் ஊறவிட்டது, ப்ளீச் போட்டது, 100 பாகைக்கு மேல் காய்ச்சியது, இந்த மூன்றில் ஒன்று. செடிக்குத் தெளிக்க இது தாராளமாகப் போதும், அதனால் வீசிவிட வேண்டாம். கரைசலை மெல்லியதாக ஊற்றிக் காயவைத்துப் படலமாக எடுக்க மட்டும் உதவாது. கரைசல் முதல் நாள் தடிப்பாக இருந்து ஒரு வாரத்தில் இளகினால் தூளில் குற்றமில்லை. நம் வெக்கையில் வினாகிரி அதை மெதுவாக அறுக்கிறது. தேவைக்கு மட்டும் கரையுங்கள்.

## படலம் வெடிக்கிறது

கிளிசரின் போடவில்லை. தூள் 1 கிராமுக்கு மூன்றில் ஒரு பங்கு கிராம் போதும். கச்சான் காற்றில் வெளியே வைத்தால் ஓரம் சுருண்டு எழும்பும், அறைக்குள் மூடி காயவிடுங்கள்.

## நிறைக் கணக்கு இடிக்கிறது

1 கிலோ இறால்கோதிலிருந்து கைட்டோசான் 150 கிராம் அக்கம்பக்கம் கிடைத்தால் மகிழ்ச்சிப்படலாம். கைட்டின் 100 கிராம் முழுக்க மாறினாலும் 80 கிராம்தான் மிஞ்சும். 95 கிராம் வந்துவிட்டது என்று சந்தோசமாகச் சொல்கிறவர்களிடம் சந்தோசப்பட ஒன்றுமில்லை: மாறவில்லை, அல்லது கழுவவில்லை, அல்லது காயவில்லை. 50 கிராம்தான் என்றால் கழுவிய தண்ணீரோடு தூள் போயிருக்கிறது. துணியின் இழையைப் பாருங்கள்.

## மேலே பட்டுவிட்டது

கோஸ்டிக் தோலில் பட்டால் முதலில் வலிக்காது, வழுவழுப்பாக மட்டும் இருக்கும். ஏமாறாதீர்கள். உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது. வினாகிரி ஊற்றி சமப்படுத்தப் பார்க்க வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே 1990-க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

## கழிவுத் தண்ணீரை என்ன செய்வது

50 வீதக் கோஸ்டிக்கை ஊற்றாதீர்கள், வடித்து நீர்க்கவைத்தால் அடுத்த தடவை புரதம் எடுக்க அதுவே போதும். அசிட் தண்ணீரையும் புரதத் தண்ணீரையும் ஆறியபின் மெதுவாகக் கலந்து, பாசிச்சாயத் தாள் இரண்டு பக்கமும் மாறாத அளவுக்குக் கொண்டுவாருங்கள். கீழே தங்கும் மண்டி எருக்கிடங்குக்கு. மேல் தண்ணீர் உப்பு. அது தோட்டத்துக்கும் கிணற்றடிக்கும் வாவிக்கும் ஆகாது. வாளிக் கணக்கில் செய்யும்வரை கற்குழி ஒன்றில் சமாளிக்கலாம், அதுவும் கிணற்றுக்குத் தூரத்தில். பீப்பாய்க் கணக்குக்குப் போக நினைத்தால், முதல் பீப்பாய் வாங்கும் முன்பே மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் உரிமத்தைப் பற்றிக் கேளுங்கள்.